மனசாரச் செய்த வகையில் பாக்கி

சொர்ணவல்லி பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் சுவரிலிருந்த பல்லி, அவள் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரி பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னது.

நிஜப் பல்லி இல்லை. சர்க்கார் பல்லி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கரன்ட் மீட்டர் மாற்ற வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இனாமாக ஒட்டிவிட்டுப் போன, உள்ளங்கை அகல வெள்ளைத் தகடு. மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று, தெருமுனை டீக்கடையில் ஒன்று என்று எங்கே பார்த்தாலும் ஒட்டியிருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘துலாம்’. வடசென்னையின் அந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒரு பயல் அதை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. சுவரில் ஒட்டிக்கொண்டு, அவ்வப்போது ‘ச்ச்’ என்று சத்தம் போட்டதால் எல்லோருக்கும் அது பல்லிதான். ஆரம்பத்தில் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் தரையைத் தட்டி ‘கிருஷ்ணா’ என்றார்கள். நாம் பேசுவது சத்தியம் என்று பல்லியே சொல்கிறதே என்று சந்தோஷம் வேறு. பாவி ஜனங்கள், ஒவ்வொரு ‘ச்ச்’சுக்கும் அது கணக்கு எழுதுகிறது என்று யாருக்குத் தெரியும்?

“மதிப்பிற்குரிய திருமதி சொர்ணவல்லி ஏகாம்பரம் அவர்களுக்கு வணக்கம்” என்றது பல்லி. அதைப்போல மரியாதை தெரிந்த ஜந்து அந்தப் பிளாக்கில் வேறு இல்லை. “கடந்த ஆறு ஆண்டுகளில் தாங்கள் பிறரிடமிருந்து பெற்ற உதவிகளின் வகையில் வரி குறைவாகச் செலுத்தப்பட்டுள்ளது. அறுபது நாட்களுக்குள் செலுத்தி ஒத்துழைக்க வேண்டுகிறோம். விவரம் கேட்க விரும்புகிறீர்களா?”

“யார் வூடுன்னு பார்த்துப் பேசு. நான் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறவ. எனக்கு இன்னாத்துக்கு வரி?”

விவரம் கேட்க விரும்புகிறாள் என்று அது எடுத்துக்கொண்டது.

“காய்கறி வாங்கும்போது கொசுறாகப் பெற்ற கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய், ஆறு ஆண்டுகளுக்கு. உறை மோர் ஒரு கரண்டி, பெற்ற இடம் எதிர்வீட்டு நசீமா. ஊசியில் நூல் கோத்துத் தந்தது, பலமுறை. தங்கள் கணவரை நாற்காலியோடு மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, மீண்டும் ஏற்றியது, மாதம் இருமுறை, ஆட்கள் நால்வர், ஆம்புலன்ஸ் ஊழியர் கூலி விகிதத்தில்...”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஏகாம்பரத்துக்கும் இது கேட்டது. “அடிங்க!” என்றார். “நான் இன்னா அவ்ளோ வெயிட்டா?”

அவர் தண்ணி லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் டேங்க் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போயிற்று. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, அவ்வளவுதான் நடை. பிளாக்குக்கு லிஃப்ட் வரப்போவதாக எழுதி வைத்த பலகைக்குத் துருப்பிடித்துவிட்டது, லிஃப்ட் வரவில்லை. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் முதல் மாடி டில்லிபாபுவும் இன்னும் மூன்று பேரும் வந்து, அவரை நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் துண்டால் கட்டி, கீழே டீக்கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ரெண்டு மணிநேரம் போகிற வருகிற பஸ்ஸையும் லாரியையும் பார்த்து, எவன் எப்படி ஓட்டுகிறான் என்று நொட்டை சொல்லிவிட்டு மேலே வருவார். முப்பது வருஷம் ரோட்டிலேயே கிடந்த மனுஷனுக்கு உலகம் அந்த ரெண்டு மணிநேரத்தில்தான் இருந்தது.

இதற்காகத்தான் சொர்ணவல்லி சீட்டுக் கட்டிக்கட்டி ஐந்து லட்சம் சேர்த்திருந்தாள். அடுத்த தெருவில் ஒரு கீழ்வீடு லீஸுக்கு வருகிறது. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, கதவைத் திறந்தால் மெயின் ரோடு. இப்போது இருப்பவர்கள் ஐப்பசியில் காலி செய்கிறார்கள். அன்றைக்கு முழுப் பணத்தையும் வைத்தால் சாவி, இல்லாவிட்டால் வேறு ஆள் ரெடி என்று ஓனர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இந்தப் பல்லி கேட்பதைக் கொடுத்தால் வீடு போச்சு. அவர் இந்த மூன்றாம் மாடியிலேயே கிடந்து, ஒருநாள் இங்கிருந்தே போக வேண்டியதுதான்.

நசீமா ரிட்டர்ன் ஃபைல் பண்ணும் கடையில் வேலை பார்ப்பவள். வெள்ளரிக்காய் மாதிரி மெல்லிய பெண், அதிர்ந்து பேசத் தெரியாது. சாயங்காலம் அவள் வந்ததும் சொர்ணவல்லி பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி நசீமா அநியாயம் இது? மோர் ஊத்துனதுக்கு வரியாம்!”

“எனக்கும் வந்திருக்குக்கா. பதினெட்டாயிரம். பிளாக்ல பாதிப் பேருக்கு வந்திருக்கு. உங்களுக்குத்தான் ஜாஸ்தி, மாமாவைத் தூக்கினது இருக்கு இல்ல?” நசீமா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், என்னவோ தாழ்த்தினால் பல்லிக்குக் கேட்காது என்பதுபோல. “அவங்க சொல்ற நியாயம் இன்னான்னா, மிஷினே எல்லா வேலையும் செய்ய ஆரம்பிச்சதும் சம்பளம் வாங்கற ஆளுங்க கொறஞ்சு போய்ட்டாங்க. சம்பளம் இல்லாதவன்கிட்ட எங்க போய் வரி வாங்கறது? ஆனா மனுஷனுக்கு மனுஷன் செஞ்சுக்கறது மட்டும் கொறையல. அதுவும் வரவுதானே, காசா வராட்டியும்னு சட்டம் போட்டுட்டாங்க. பல்லி ஒட்டுன தேதியிலேர்ந்து கணக்கு.”

“டில்லி எனக்குத் தம்பிடி. யக்கா யக்கான்னு உசிரை விடுவான். சொந்தத்துக்கும் வரியா?”

“சொந்தத்துக்குக் கெடையாது. ஆனா ரேஷன் கார்டுல பேர் இருக்கணும். வாயால கூப்பிடுறதெல்லாம் சொந்தம்னா ஊர்ல ஒருத்தன் வரி கட்ட மாட்டானாம்.”

“அப்ப கட்டித்தான் ஆவணுமா?”

நசீமா கொஞ்சம் தயங்கினாள். “ஒரு வழி இருக்கு. நீங்க யாருக்காவது செஞ்சிருப்பீங்க இல்ல? அதைச் சொல்லி எதிர்க்கணக்குக் கேட்கலாம். அந்தத் தொகை உங்க பேர்ல கழிஞ்சிடும்.”

“அட, அது சொல்லு முதல்ல!”

“கழியறது காத்துல போவாதுக்கா. வாங்கிக்கினவங்க பேர்ல ஏறிடும்.”



மறுநாள் ஏகாம்பரம் சாப்பிட்டுக் கண் அயர்ந்த நேரத்தில் அவள் முக்காலியை இழுத்துப் பல்லிக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

“ஏ பல்லி.”

“சொல்லுங்கள் அம்மா.”

“நான் குடுத்ததெல்லாமும் உங்கிட்ட இருக்குதா?”

“இருக்கிறது. ஐந்து வீடுகளுக்கு உறை மோர். இரு வீடுகளுக்கு ரவிக்கையில் கொக்கி தைத்தது. மழை வந்தபோது மாடியில் காய்ந்த துணிகளை...”

“சில்லறையெல்லாம் வேணாம். பெருசா எது இருக்குது?”

“செல்வி தாட்சாயணி, தந்தை பெயர் டில்லிபாபு. பதினோராவது மாதம் முதல் பதினான்காவது மாதம் வரை முழுநேரக் குழந்தைப் பராமரிப்பு. இரவுப் பணி உட்பட மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.”

அடேயப்பா, அதற்கு ஒரு விலை இருந்திருக்கிறது! டில்லியின் பெண்டாட்டி கஸ்தூரி டி.பி. வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. பிள்ளையில்லாத சொர்ணவல்லி அந்தக் குழந்தையை நெஞ்சிலேயே போட்டுத் தூங்க வைத்தாள். அது பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கையை விட்டு, முதல் அடி எடுத்து வைத்து விழுந்ததும் அவள் மடியில்தான். பால் செலவுக்காவது வைத்துக்கொள் என்று டில்லி பணம் நீட்டியபோது, “துட்டு நீட்டுன கையை ஒடிச்சு அடுப்புல வச்சுடுவேன்” என்று துரத்தியடித்தாள்.

இப்போது அவள் கட்டிலைப் பார்த்தாள். ஏகாம்பரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். டில்லிக்கு ஆட்டோ இருக்கிறது, என்றாள் மனசுக்குள். பாதி வண்டிகள் தானாக ஓடுகிற காலத்திலும், ஆள் ஓட்டுகிற ஆட்டோவில் ஏறத் தைரியமுள்ள ஜனம் வடசென்னையில் இன்னும் இருந்தது. வயசுப் பையன், சமாளித்துக்கொள்வான். நம் வீட்டில் யார் சமாளிப்பது?

“அதைப் போட்டுக்க” என்றாள்.

“தங்கள் குரலில் ஓர் உறுதிமொழி தேவை அம்மா. இந்தச் சேவையை மனமுவந்து செய்தீர்களா? கட்டாயத்தின் பேரிலோ தகராறின் பேரிலோ செய்தது கணக்கில் வராது.”

மனசு உவந்துதான் செய்தாளா என்று கேட்கிறது! இல்லை என்று சொன்னால் தொலைந்தது, டில்லிக்கு ஒரு பைசா ஏறாது. ஆனால் நான்கு லட்சம் தலைமேல் உட்காரும். பொய் சொன்னால் புண்ணியம், நிஜம் சொன்னால் பாவம் என்று இப்படி ஒரு இக்கட்டை எந்தச் சாமியும் அவளுக்கு அதுவரை வைத்ததில்லை.

“மனசாரத்தான் செஞ்சேன்” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது, ஏனென்றால் அது சத்தியம்.

‘ச்ச்’ என்றது பல்லி.

“அவனுக்கு எப்ப நோட்டீஸ் போகும்?”

“பரிசீலனை முடிந்தபின். சில மாதங்கள் ஆகலாம்.”

சில மாதங்கள் என்றால் சர்க்கார் கணக்கில் எப்போதோ என்று அர்த்தம். மறந்தாலும் மறந்து போவார்கள். அவள் தன்னைத் தானே அப்படித் தட்டிக்கொடுத்துக்கொண்டு, வளையலை அடகு வைத்து மிச்சமிருந்த ஐம்பத்திரண்டாயிரத்தைக் கட்டினாள். ஐந்து லட்சம் ஐந்து லட்சமாகவே இருந்தது.

பிளாக்கு அந்த மாசத்திலிருந்து சவக்களை தட்டிப்போயிற்று. காய்கறிக்காரம்மா கறிவேப்பிலையை நிறுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள், அதைக் கொடுக்கும்போது அவளுக்கே அழுகை வந்தது. யாராவது கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு படியேறினால், எதிரே வருகிறவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இருமினால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. கொடுத்தால் வாங்கியவனுக்குக் கேடு, வாங்கினால் நமக்குக் கேடு. நல்ல மனசுக்காரர்கள்தான் முதலில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்தவனுக்கு வரி ஏற்றி வைக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நீல நாற்காலியில் தயாராக உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, “இன்னிக்கு ரோட்டுல கூட்டம் இருக்காது, போனாலும் வேஸ்ட்டு” என்று சட்டையைக் கழற்றினார்.

அடுத்த வாரமே அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். சொர்ணவல்லி போட்ட கூச்சலில் பிளாக்கே கதவைத் திறந்தது, ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. எல்லோருடைய கண்ணும் பல்லி மேல். அப்போது கீழேயிருந்து ரெண்டு ரெண்டு படியாகத் தாவிக்கொண்டு வந்தான் டில்லிபாபு. பல்லியாவது ஓணானாவது என்று உள்ளே நுழைந்தவனுக்கு, ஈரத்தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கிவிட்டது.

“யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வுழுந்தியா? ஒத்த ஆளா இன்னாத்துக்குய்யா எயிந்த? உன்னைத் தூக்கித் தூக்கியே என் இடுப்பும் பூட்டுது! ஏய் யக்கா, நீ இன்னா அடுப்பாண்ட சீரியல் பாத்துக்கினு இருந்தியா? கய்தே, தண்டச்சோறு, ரெண்டு பேரும் சேர்ந்து என் உசுரை வாங்கறதுக்குன்னே பொறந்துக்கீறீங்க!”

“யாரைப் பார்த்துடா தண்டச்சோறுன்ற, பேமானி!” என்று ஏகாம்பரம் அவன் தோளில் தொங்கிக்கொண்டே கத்தினார். “உன் துட்டுலயா சாப்புடுறேன்?”

ரெண்டு பேரும் கட்டில் வரைக்கும் திட்டிக்கொண்டே போனார்கள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டில்லி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனபிறகு, சொர்ணவல்லி சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏ பல்லி, இப்ப டில்லி தூக்குனானே, அதுக்கு எவ்ளோ ஏத்துன?”

“எதுவும் ஏற்றவில்லை அம்மா. அது உதவியாகப் பதிவாகவில்லை. தகராறாகப் பதிவாகியிருக்கிறது. இன்னும் ஏழு வசைச் சொற்கள் வகை பிரிக்கப்பட்டு வருகின்றன. தாங்கள் புகார் கொடுக்க விரும்புகிறீர்களா?”

சொர்ணவல்லி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பு வெளியே கேட்டால் அதற்கும் ஏதாவது போட்டுத் தொலைக்குமே!

விஷயம் சாயங்காலத்துக்குள் பிளாக்கு முழுக்கப் பரவியது. மறுநாள் காலையில் முதல் முழக்கம் காய்கறி வண்டியடியில் கேட்டது. “எடுத்துக்கினு ஒயி, உன் சாவுக்குக் கட்டுன கொத்தமல்லி!” என்று காய்கறிக்காரம்மா ஒரு கட்டு வீசினாள். வாங்கினவள் “நீ நாசமாப் போவ” என்று ஆனந்தமாகப் பையில் போட்டுக்கொண்டாள். பல்லி மூச்சு விடவில்லை.

நசீமாவுக்குத்தான் கஷ்டமாகிப் போனது. படித்த பெண், வாயில் கெட்ட வார்த்தை வராது. முதல்நாள் மோர்க் கிண்ணத்தை நீட்டி, “அக்கா, நீங்க... நீங்க ரொம்ப மோசம்க்கா” என்றாள். ‘ச்ச்’ என்று நாற்பது ரூபாய் விழுந்தது. அப்புறம் சொர்ணவல்லி அவளை உட்கார வைத்து, கஸ்மாலம், சோமாறி, முடிச்சவிக்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மாசத்தில் நசீமா போடுகிற போட்டில் அவள் ஆபீஸ் மானேஜரே ஆடிப்போய்விட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி மறுபடி இறங்கியது. நான்கு பேரும் திட்ட, நாற்காலியில் இருந்தவர் பதிலுக்குத் திட்ட, ஒவ்வொரு மாடியிலும் பெண்கள் எட்டிப்பார்த்துத் தங்கள் பங்குக்கு நாலு வார்த்தை போட, சாமி ஊர்வலம் தோற்றது. பக்கத்து பிளாக் ஆட்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். வரி இலாகா அந்தத் தெருவை ‘மிகுந்த தகராறுப் பகுதி’ என்று குறித்துப் போலீஸை அனுப்பியது. வந்த கான்ஸ்டபிளுக்கு டீக்கடையில் இனாம் டீயும் அவருடைய ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனையும் கிடைத்தது. மனுஷன் கண் கலங்கி, தினமும் ரவுண்டு வர ஆரம்பித்தார்.

இதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று நடந்தது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. திட்டு வலுத்தால் பாசம் என்று அர்த்தமாயிற்று. மரியாதையாகப் பேசினால் இவன் நமக்கு ஆகாதவன் என்று அர்த்தமாயிற்று. தவணைக்காரனிடமும் ஓட்டுக் கேட்டு வருகிறவனிடமும் மட்டும்தான் வாங்க, போங்க, நன்றி எல்லாம். ஐந்து வயசாகிவிட்ட தாட்சாயணி ஸ்கூல் விட்டதும் மூன்று மாடி ஏறி வந்து, சொர்ணவல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “போடி கெய்வி, நீ செத்துப்போ” என்று கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். அவளுடைய இந்த அத்தை அதற்காகவே நாலு மணியிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

ஆனால் டில்லி திட்டும்போது மட்டும் சொர்ணவல்லிக்கு ஒரு கணம் நெஞ்சு நின்று போகும். நோட்டீஸ் வந்துவிட்டதா? இது அந்தத் திட்டா, இந்தத் திட்டா? அவன் முகத்தையே பார்ப்பாள். கண்ணோரத்தில் சிரிப்பு இருக்கும். அப்பாடா என்று மூச்சு வரும். ரெண்டு தடவை சொல்லிவிடலாம் என்று, “டில்லி, உன்கிட்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்தாள். “மூடு வாயை, சோமாறி. கொழம்பு இருந்தா குடு, இல்லாட்டி வழிய வுடு” என்று அவன் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். ஆட்டோ எவ்வளவுக்குப் போகும் என்று அவள் ஒருநாளும் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசி பிறந்தது. மழை ஒருநாள் விட்டுக் கொடுத்த காலையில் சொர்ணவல்லி ஐந்து லட்சத்தையும் ஓனருக்குக் கட்டிச் சாவியை வாங்கினாள். பிளாக்கே திரண்டு சாயங்காலத்துக்குள் சாமான்களை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது. “ஒழிஞ்சது சனியன்!” என்று பீரோவைத் தூக்கினவர்கள் சந்தோஷமாகக் கத்தினார்கள். நசீமா பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, “இனிமே என் மூஞ்சியில முழிச்சே, கொன்னுடுவேன் கஸ்மாலம்” என்று அழுதாள். புது வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே பஸ். சொர்ணவல்லி வாசல் ஓரமாக, பஸ் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டு, அவரை அழைத்துவர ஓடினாள்.

பிளாக் வாசலில், டில்லியின் ஆட்டோ எப்போதும் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. சவாரிக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினாள். ஆனால் டில்லி மேலேதான் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. மற்ற மூன்று பேரும் நாற்காலியோடு நின்றார்கள்.

“இன்னாடா மாப்ள மாதிரி வந்துக்கீற, பொறம்போக்கு?” என்றார் ஏகாம்பரம். “ஆட்டோ எங்கடா, காணோம்?”

“வித்துட்டேங்க ஐயா” என்றான் டில்லிபாபு. “மெதுவா உட்காருங்க. துண்டு இறுக்கமா இருந்தா சொல்லுங்க.”

கூட வந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரிலிருந்த பல்லி ‘ச்ச்’ என்றது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ மாசம் ஆகிவிட்டிருந்தது.

“டேய்!” என்றார் ஏகாம்பரம் பதறி. “பல்லி எழுதுதுடா! திட்டுடா!”

“பரவாயில்லீங்க ஐயா. எழுதட்டும்.”

நாற்காலி இறங்கியது. மற்ற மூன்று பேரில் ஒருத்தன் ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். ஒவ்வொரு திருப்பத்திலும் டில்லி, “பார்த்துங்க, இடிச்சிடாம” என்றான். ஒவ்வொரு திருப்பத்திலும் பல்லி ‘ச்ச்’ என்றது. மேலே நின்ற பெண்கள் சத்தம் போட வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். சொர்ணவல்லி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

புது வீட்டு வாசலில், அவள் பார்த்து வைத்திருந்த இடத்தில், நாற்காலியை இறக்கினார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஏகாம்பரம் அதைப் பார்க்கவில்லை. மற்ற மூன்று பேரும் நழுவிவிட்டார்கள்.

“டில்லி” என்றாள் சொர்ணவல்லி. “நோட்டீசு வந்துதா?”

“போன வாரம் வந்ததுங்க மேடம்.” மேடம் என்றான்! “எங்க வூட்டுப் பல்லி உங்க குரலையே போட்டுக் காமிச்சுது. தெளிவா இருந்துச்சு. கஸ்தூரியும் கேட்டா.”

“எனக்கு வேற வழி தெரியலடா. இவரைப் பாரு, நான் இன்னா பண்ணுவேன்? முன்னாடியே சொல்லலாம்னு ரெண்டு வாட்டி...”

“நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலீங்களே. உள்ளதைத்தானே சொன்னீங்க? நீங்க செஞ்சதுதான். நாங்க வாங்கிக்கினதுதான். கட்டியாச்சுங்க.”

“டேய், அந்த மாதிரி பேசாதடா.” அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “என்னைத் திட்டுடா. நாலு பேர் பார்க்க செருப்பால அடிச்ச மாதிரி திட்டு. ஒரே ஒரு வார்த்தை திட்டிட்டுப் போடா, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

டில்லிபாபு அவள் கையை மெதுவாகப் பிரித்துவிட்டான். புது வீட்டுச் சுவரிலும் ஒரு பல்லி இருந்தது. அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, நன்றாகக் கேட்கும்படி சொன்னான்.

“ஐயாவைத் தூக்கினது மனசாரத்தான் செஞ்சேன்.”

‘ச்ச்.’

அந்த நேரம் பார்த்து ஸ்கூல் பையோடு தாட்சாயணி ஓடி வந்தாள். அத்தையின் புது வீட்டைப் பார்க்கிற அவசரம். வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு, “அடியே கெய்வி...” என்று ஆரம்பித்தாள். டில்லி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். குனிந்து, பொறுமையாக, காதில் ஏதோ சொன்னான். குழந்தைக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள், சொர்ணவல்லியைப் பார்த்தாள். அத்தை ஏன் அழுகிறாள் என்று கேட்க நினைத்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டாள். பிறகு ஸ்கூலில் மிஸ்ஸிடம் சொல்வதுபோல நேராக நின்று, ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

“ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. போயிட்டு வரேங்க.”

‘ச்ச்’ என்றது பல்லி.